காபி பாக்கெட்டிலிருந்து டி-ஷர்ட் வரை: ‘நியாய வணிக’ முத்திரைகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் இப்போது ஒரு காபி பாக்கெட் இருக்கிறது. 250 கிராம். அதன் மேல் ஒரு பச்சைத் தவளை, ஓர் இலை, ‘எத்திக்கலி சோர்ஸ்டு’ என்று வளைந்த எழுத்தில் ஒரு வாசகம், ‘ஃபார்மர் ஃபர்ஸ்ட்’ என்று ஒரு வட்டம், அப்புறம் சைவத்துக்கான பச்சைப் புள்ளி. மொத்தம் ஐந்து அடையாளங்கள். இவற்றில் வெளியாள் ஒருவர் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், அந்தத் தவளை. பச்சைப் புள்ளி சட்டப்படி போட்டே ஆகவேண்டியது. மற்ற மூன்றும் பாக்கெட்டை வடிவமைத்தவர் வரைந்தவை.

நானும் பல வருடம் முத்திரை நிறைய இருந்தால் நல்ல சரக்கு என்று நம்பி வாங்கியவள்தான். கூடக் கொடுக்கும் காசு யாரோ ஒரு விவசாயிக்குப் போகிறது என்று ஒரு நிம்மதி. உட்கார்ந்து படித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு முத்திரையும் ஒரே ஒரு கேள்விக்கு, மிஞ்சிப்போனால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்கிறது. மற்றக் கேள்விகளுக்கும் அது பதில் சொல்லிவிட்டதாக நாம்தான் எடுத்துக்கொள்கிறோம். எது எந்தக் கேள்விக்கான பதில் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: முத்திரையா, படமா என்று பிரியுங்கள்

முன்பக்கத்தை விட்டுவிட்டு பாக்கெட்டைத் திருப்புங்கள். உண்மையான சான்று முத்திரை என்றால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே விசாரிக்க ஏதாவது ஒரு நுனி இருக்கும்: ஓர் உரிம எண், சான்று கொடுத்த அமைப்பின் பெயர், அல்லது சரிபார்க்க ஓர் இணைய முகவரி. இவை எதுவும் இல்லாமல் இலையும் கையும் பூமி உருண்டையும் மட்டும் இருந்தால் அது வெறும் படம்.

அடுத்து, முத்திரைக்கு முதலாளி யார் என்று பாருங்கள். சில முத்திரைகள் அரசுடையவை. சில, வாங்குபவரும் விற்பவரும் அல்லாத தனி அமைப்புகளுடையவை. மூன்றாவது வகை, விற்கும் நிறுவனமே தனக்கு வைத்துக்கொண்டது. மான்டலீஸ் நிறுவனத்தின் ‘கோகோ லைஃப்’, ஸ்டார்பக்ஸின் ‘கஃபே பிராக்டிசஸ்’ எல்லாம் இந்த மூன்றாம் வகை. அவை நல்ல காரியமும் செய்யலாம். ஆனால் கேள்வித்தாள் தயாரிப்பவரும் பரீட்சை எழுதுபவரும் ஒரே ஆள் என்பதை மறக்கக்கூடாது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தின் செயின்ஸ்பரீஸ் சூப்பர் மார்க்கெட் 2017இல் தன் சொந்த பிராண்டு டீயிலிருந்து ஃபேர்டிரேட் முத்திரையை எடுத்துவிட்டு, ‘ஃபேர்லி டிரேடட்’ என்று தானே ஒரு பெயர் வைத்தது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய முறையில், கூடுதலாக வரும் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று ஆப்பிரிக்க விவசாயிகளே கூடி முடிவெடுத்தார்கள். புதிய முறையில் அந்த முடிவு நிறுவனம் சார்ந்த அறக்கட்டளையின் கைக்குப் போனது. விவசாயிகள் அதற்கு மனுப் போட வேண்டும். ‘எங்கள் பணத்துக்கு நாங்களே கை நீட்ட வேண்டுமா’ என்ற தொனியில் ஆப்பிரிக்க உற்பத்தியாளர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். பெயரில் மாறியது ஒரு சொல்தான். பணப்பெட்டியின் சாவி கைமாறிவிட்டது.

படி 2: எந்தக் கேள்விக்கான பதில் அது?

ஒரு பொருளைப் பற்றிக் கேட்க வேண்டியவை ஐந்தாறு இருக்கும். விளைவித்தவருக்கு என்ன விலை கிடைத்தது? வேலை செய்தவருக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு? மண்ணும் தண்ணீரும் என்ன ஆயின? வாங்குகிற என் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? சொன்ன ஊரிலிருந்துதான் வந்ததா? சொன்ன பொருள்தானா?

இப்போது முத்திரைகளை இந்தக் கேள்விகளோடு பொருத்திப் பாருங்கள். ஆர்கானிக் முத்திரை மண்ணைப் பற்றியது. துணியில் வரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 உங்கள் தோலைப் பற்றியது. துணியில் கெட்ட ரசாயனம் தங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, தைத்தவரின் சம்பளத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சில்க் மார்க், பட்டு அசல் பட்டா என்று மட்டும் சொல்லும். காஞ்சிபுரம் பட்டுக்கும் டார்ஜிலிங் டீக்கும் இருக்கும் புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும். நெசவாளருக்கோ கொழுந்து பறிப்பவருக்கோ என்ன கிடைத்தது என்பது அதன் வேலை இல்லை. கம்பளங்களில் வரும் குட்வீவ், குழந்தைத் தொழிலாளர் இல்லை என்பதற்கானது. 1994இல் ‘ரக்மார்க்’ என்ற பெயரில் கைலாஷ் சத்யார்த்தி தொடங்கியது. அதன் முத்திரையில் தனித்தனி எண் இருக்கும், அது எனக்கு மிகப் பிடிக்கும்.

சரி, விலையைப் பற்றிப் பேசும் முத்திரை எது? கிட்டத்தட்ட ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

படி 3: ஃபேர்டிரேட் முத்திரையைக் காசுக் கணக்கோடு படியுங்கள்

முதலில் எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக ‘ஃபேர்டிரேட்’ என்றிருந்தால், ஜெர்மனியின் பான் நகரில் இருக்கும் ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் அமைப்பின் முறையைக் குறிக்கும். கறுப்புக் கட்டத்துக்குள் நீலமும் பச்சையுமாக, கை உயர்த்திய மனித உருவம் போன்ற முத்திரை. நடுவில் இடைவெளி விட்டு ‘ஃபேர் டிரேட்’ என்றிருந்தால் அது பொதுச்சொல். யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பது நம் பாடு.

இந்த முத்திரையின் பிறப்பு 1988, நெதர்லாந்தில். மெக்சிகோவின் ஓஹாக்கா மலைகளில் சிறு காபி விவசாயிகளோடு வேலை செய்த பாதிரியார் ஃபிரான்ஸ் வான் டெர் ஹாஃபும், டச்சுத் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த நிக்கோ ரோஸனும் சேர்ந்து ஆரம்பித்தது. அப்போது அதன் பெயர் ‘மாக்ஸ் ஹாவலார்’. ஜாவாவில் டச்சு ஆட்சி காபிக்காக மக்களைக் கசக்கிப் பிழிந்ததை எழுதிய 1860ஆம் ஆண்டு டச்சு நாவலின் நாயகன் பெயர் அது. இப்படிப் பல நாடுகளில் தனித்தனியாகக் கிளம்பியவை 1997இல் ஒரே குடைக்குள் வந்தன. இந்தியாவில் ஃபேர்டிரேட் கிளை தொடங்கியது 2013இல்.

இதில் பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, குறைந்தபட்ச விலை. நெல்லுக்கு அரசு அறிவிக்கும் ஆதார விலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை விலை அதற்கு மேலே இருந்தால் சந்தை விலைதான். கீழே விழுந்தால் இந்த விலை தாங்கிப் பிடிக்கும். கழுவிப் பதப்படுத்திய அராபிகா காபிக்கு அது ஒரு பவுண்டு எடைக்கு (சுமார் 454 கிராம்) 1.40 டாலராக இருந்தது, 2023 ஆகஸ்டில் 1.80 ஆக்கினார்கள். 2001இல் உலகச் சந்தையில் காபி பவுண்டுக்கு 50 சென்டுக்கும் கீழே போனது. அப்போது இந்த விலை இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் சாப்பாட்டுக்கும் பட்டினிக்குமானது. மாறாக 2025 தொடக்கத்தில் சந்தை விலையே 4 டாலரைத் தாண்டியது. அந்த மாதிரிச் சமயத்தில் குறைந்தபட்ச விலைக்கு வேலையே இல்லை.

இரண்டாவது, பிரீமியம். விலைக்கு மேலே தனியாக வருவது. காபிக்குப் பவுண்டுக்கு 20 சென்ட். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் கூடி, பள்ளிக்கூடமா, உலர்களமா, நாற்றா என்று வாக்கெடுத்துச் செலவழிக்கும்.

நம் 250 கிராம் பாக்கெட்டில் தவளைக்குப் பதில் ஃபேர்டிரேட் முத்திரை இருந்தால் என்று வைத்துப் பார்ப்போம். 250 கிராம் வறுத்த காபிக்குச் சுமார் 300 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். வறுக்கும்போது எடை குறையும். 300 கிராம் என்பது பவுண்டில் 0.66. அதற்குப் பிரீமியம் 13 சென்ட். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 11 ரூபாய். முத்திரை இல்லாத காபியைவிட இந்தப் பாக்கெட் 150 ரூபாய் அதிகம் என்றால், அந்த 150இல் பிரீமியமாகப் போவது 11 ரூபாய். மீதி 139 நல்ல கொட்டைக்காக இருக்கலாம், ஆர்கானிக் என்பதற்காக இருக்கலாம், கடையின் லாபமாகவும் இருக்கலாம். முத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. ஆயிரம் பாக்கெட்டுக்கு 11,000 ரூபாய் என்று பார்த்தால் அது ஒரு சின்னச் சங்கத்துக்கு அற்பத் தொகை இல்லை என்றும் பிறகு தோன்றியது.

இன்னும் இரண்டு விஷயம் முத்திரையில் தெரியாது. குறைந்தபட்ச விலை கொடுக்கப்படுவது சங்கத்துக்கு. அதில் சங்கத்தின் செலவு போகத்தான் விவசாயி கைக்கு. அப்புறம், ஒரு சங்கம் தன் விளைச்சல் முழுவதையும் ஃபேர்டிரேட் விலைக்கு விற்க முடிவதில்லை. வாங்க ஆள் இருக்கும் அளவுக்குத்தான் விற்கும். மீதி சாதாரணச் சந்தைக்குத்தான்.

டீக்குக் கதை வேறு. காபிக்கு ஃபேர்டிரேட் இன்டர்நேஷனல் சிறு விவசாயிகளின் சங்கங்களை மட்டும்தான் சேர்க்கிறது. டீயில் பெரிய எஸ்டேட்டுகளும் உண்டு. அங்கே பிரீமியத்தை, தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழு செலவழிக்கும். ஆனால் நாள் கூலி? வால்பாறையானாலும் நுவரெலியாவானாலும் அது தோட்ட முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அரசும் முட்டி மோதித் தீர்மானிப்பது. டப்பாவின் மேல் இருக்கும் முத்திரை கொழுந்து பறிக்கும் பெண்ணின் தினக் கூலியைத் தானாக உயர்த்திவிடாது. 2018இல் வெளிவந்த ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு அசாமிலும் கேரளத்திலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை விசாரித்தது. சான்று பெற்ற தோட்டங்களுக்கும் பெறாத தோட்டங்களுக்கும் வேலை நிலைமையில் பெரிய வித்தியாசம் காணவில்லை. அதற்கு முன், 2014இல் லண்டன் சோவாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் பார்த்தது இன்னும் கசப்பானது: முத்திரையை வாங்கிய சிறு விவசாயிகளின் நிலத்தில் கூலிக்கு வேலை செய்தவர்களின் நிலை மேம்படவில்லை. விவசாயிக்கு விலை கிடைத்தால் கூலிக்காரருக்கும் கிடைக்கும் என்பது நம் கற்பனை. இந்த ஆய்வுகளைப் படித்த பிறகும் காபியில் நான் இந்த முத்திரையைத் தேடுகிறேன். டீயில் அவ்வளவாக நம்புவதில்லை.

அம்புக்குறியையும் பாருங்கள். முத்திரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அம்பு இருந்தால், ‘திருப்பிப் படி’ என்று அர்த்தம். ஒன்று, அதில் பல சேர்மானங்கள் இருக்கும். ஃபேர்டிரேட்டாகக் கிடைக்கக்கூடியவை எல்லாம் ஃபேர்டிரேட், ஆனால் மொத்தத்தில் அவை 20 சதவீதம் இருந்தாலே போதும். அல்லது, ‘மாஸ் பேலன்ஸ்’ என்ற கணக்கு முறையில் வந்ததாக இருக்கும். நம் ஊர் எண்ணெய் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு மூட்டைக் கடலை கொண்டுபோய்ப் போடுகிறோம். மில்காரர் ஏற்கெனவே ஆட்டி வைத்த எண்ணெயிலிருந்து அந்த அளவுக்கு ஊற்றித் தருகிறார். கணக்கு சரி, கடலை நம்முடையது இல்லை. கோகோ, சர்க்கரை, டீ, பழச்சாறு ஆகியவற்றில் இதை அனுமதிக்கிறார்கள், ஏனென்றால் ஆலையில் தனித்தனியாகப் பிரித்து ஓட்டுவது சிறு சங்கங்களுக்குக் கட்டுப்படியாகாது. விவசாயிக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நீங்கள் கடிக்கும் சாக்லேட்டில் அவருடைய கோகோ இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இது மோசடி இல்லை. தெரிந்து வாங்கினால் சரி.

வெள்ளைப் பின்னணியில் முத்திரை, பக்கத்தில் ‘கோகோ’ என்று ஒரு சொல் இருந்தால், அந்தப் பிஸ்கட்டில் கோகோவுக்கு மட்டும்தான் பேச்சு. சர்க்கரைக்கு இல்லை.

படி 4: தூரத்துச் சொந்தங்கள்

தவளை, ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பினுடையது. 2018இல் யுட்ஸ் என்ற இன்னொரு சான்று முறையோடு இணைந்தது. நிழல் மரம், நீரோடை, பூச்சிமருந்து, தொழிலாளர் உரிமை எல்லாம் அதன் விதிகளில் உண்டு. ஆனால் காபிக்கோ டீக்கோ இதற்குக் கீழே விலை போகக்கூடாது என்ற தரை அதில் இல்லை. பிரிட்டனில் கிட்கேட் சாக்லேட் 2020இல் ஃபேர்டிரேட்டை விட்டுத் தவளைக்கு மாறியபோது எதிர்ப்பு வந்தது இதற்காகத்தான். கடைக்காரருக்குத் தவளையும் ஃபேர்டிரேட்டும் ஒரே அலமாரி. விவசாயிக்கு அப்படி இல்லை.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் காபியில் ‘ஃபேர் டிரேட் சர்டிஃபைடு’ என்றிருந்தால் அது வேறு அமைப்பு. ஃபேர் டிரேட் யு.எஸ்.ஏ. 2011இல் சர்வதேச அமைப்பிலிருந்து பிரிந்து போனது. காபியில் பெரிய தோட்டங்களையும் சேர்க்க வேண்டும் என்பது சண்டைக்கு முக்கியக் காரணம்.

உலக நியாய வணிக அமைப்பு என்று ஒன்று 1989இலிருந்து இருக்கிறது. இது பொருளைப் பார்ப்பதில்லை, அதை விற்கும் நிறுவனத்தையே பத்துக் கொள்கைகளை வைத்து எடை போடுகிறது. கைவினைப் பொருள், கூடை, எம்பிராய்டரி போன்றவற்றுக்கு இதுதான் பொருத்தம். ஒரு கூடைக்குக் குறைந்தபட்ச விலை வைக்க முடியாதல்லவா. இந்தியாவில் இந்த வட்டாரம் ஃபேர் டிரேட் ஃபோரம் இந்தியா என்ற கூட்டமைப்பைச் சுற்றி இருக்கிறது.

சில இந்திய டீப் பாக்கெட்டுகளில் ‘டிரஸ்ட்டீ’ என்ற முத்திரை இருக்கும். 2013இல் இந்தியச் சந்தைக்காக வந்தது. பூச்சிமருந்து, தொழிலாளர் பாதுகாப்பு, பச்சைத் தேயிலை வாங்கும் ஃபேக்டரிகளின் சுத்தம் என்று பார்க்கும். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் வருடக்கணக்காகக் கேட்பது கிலோ பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை. அதற்கு இந்த முத்திரையில் பதில் இல்லை.

படி 5: ஆர்கானிக் என்றால்

இந்தியாவில் சான்றோடு ஆர்கானிக் என்று விற்க இரண்டு பாதை. ஒன்று, என்.பி.ஓ.பி. எனப்படும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பு வந்து சோதிக்கும். தமிழ்நாட்டுக்கென்று கோயம்புத்தூரில் அரசின் விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையே இதைச் செய்கிறது. நெல், காய்கறி போன்ற பயிருக்கு இரண்டு வருடமும், தென்னை, காபி போன்றவற்றுக்கு மூன்று வருடமும் மாறுதல் காலம், அதாவது ரசாயனத்தை விட்ட பிறகு நிலம் ஆர்கானிக் என்று ஆகும் வரை காத்திருக்கும் காலம். இன்னொன்று பி.ஜி.எஸ்.; ஐந்து பேருக்குக் குறையாத விவசாயிகள் குழுவாகி ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று தருவது. இதில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்றிருந்தால் இன்னும் மாறுதல் காலத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘கிரீன்’ என்ற சொல்லைப் பார்த்து அதுதான் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டு பாதையில் எதில் வந்தாலும் கடை பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ போன்ற அரசின் ஆர்கானிக் முத்திரையும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் சிறு விவசாயி, நேரடியாக உங்களிடம் விற்றால் சான்று வேண்டாம். ஜைவிக் பாரத் முத்திரையைத்தான் போடக்கூடாது. ஆகவே வாரச் சந்தையில் மாப்பிள்ளைச் சம்பா விற்கும் விவசாயியிடம் ‘சர்டிஃபிகேட் எங்கே’ என்று அதட்டாதீர்கள். ‘உங்க வயல் எங்கண்ணே இருக்கு, ஒரு நாள் வந்து பார்க்கலாமா’ என்று கேளுங்கள். அவர் வாங்கன்னு சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். ஆனால் அதே அரிசியை நாலு கை மாறி வாங்கி, ஏசி கடையில் கண்ணாடி ஜாடியில் ‘ஆர்கானிக்’ என்று எழுதி விற்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே தாராளமாகக் கேட்கலாம்.

படி 6: துணிக்கு வந்தால் எண்ணைத் தட்டிப் பாருங்கள்

உணவைவிடத் துணி சிக்கலானது. பருத்தி ஓர் ஊரில், நூல் ஒரு மில்லில், சாயம் ஒரு பட்டறையில், தையல் ஒரு கம்பெனியில். திருப்பூரில் ஒரு பனியன் உருவாக அதற்குள்ளேயே நாலைந்து ஜாப் ஒர்க் யூனிட்டுகளைத் தொட்டு வரும்.

ஆர்கானிக் பருத்தித் துணிக்கு எல்லாரும் சொல்லும் சான்று, குளோபல் ஆர்கானிக் டெக்ஸ்டைல் ஸ்டாண்டர்டு (ஜி.ஓ.டி.எஸ்.), திருப்பூர்க்காரர்கள் வாயில் ‘காட்ஸ்’. 95 சதவீதமும் அதற்கு மேலும் ஆர்கானிக் இழை என்றால் ஒரு தரம், 70 சதவீதத்திலிருந்து இன்னொரு தரம். பஞ்சுக்குப் பிறகு நூல், சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டமும் சான்று வாங்கியிருக்க வேண்டும். சாயக் கழிவுநீருக்கும் தொழிலாளர் நிலைமைக்கும் விதி உண்டு. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்களுக்குச் சாயக் கழிவு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான்.

சரியான காட்ஸ் லேபிளில் மூன்று இருக்கும்: தரம், சான்றளித்த அமைப்பின் பெயர், உரிம எண். அந்த எண்ணைக் காட்ஸ் இணையதளத்தின் பொதுப் பட்டியலில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு ஆன்லைனில் ஒரு குழந்தைச் சட்டை வாங்கினேன். பக்கத்தில் ‘காட்ஸ் சர்டிஃபைடு காட்டன்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. வந்த சட்டையின் கழுத்துப் பட்டையில் எண் இல்லை. மெயில் எழுதினேன். நாலு நாள் கழித்து ஒரு பி.டி.எஃப். வந்தது. திறந்தால், அது ஒரு நூல் மில்லின் ஸ்கோப் சர்டிஃபிகேட். நூல் மில்லுக்குச் சான்று இருந்தால், ‘இந்த மில்லால் காட்ஸ் நூல் தயாரிக்க முடியும்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். குறிப்பிட்ட சரக்கு உண்மையிலேயே அந்த நூல்தானா என்பதற்கு டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட் என்று தனியாக ஒன்று, கைமாறும் ஒவ்வொரு லோடுக்கும் வேண்டும். நூலுக்குப் பிறகு சாயம் போட்டவர், தைத்தவர் யாருக்கும் சான்று இல்லையென்றால் சட்டைக்குக் காட்ஸ் என்று சொல்லவே முடியாது. திரும்பக் கேட்டேன். பதில் வரவில்லை. சட்டையை என் அண்ணன் பையன் போட்டுக் கிழித்துவிட்டான், துணி நன்றாகத்தான் இருந்தது.

எண் இருந்தாலும் ஏமாற்ற முடியும். 2020இல் காட்ஸ் அமைப்பே, இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது.

‘பெட்டர் காட்டன்’ என்ற இன்னொரு பெயரும் கண்ணில் படும். பெயரைப் பார்த்து ஆர்கானிக் என்று நினைக்க வேண்டாம். பூச்சிமருந்தும் மரபணு மாற்றிய விதையும் அதில் அனுமதிக்கப்பட்டவை. குறைவாக, பார்த்துப் பயன்படுத்து என்பதுதான் அதன் பாடம்.

அப்புறம், தொழிலாளர் நிலைமைக்கான சான்றுகள். இங்கேதான் எனக்கு முத்திரைகளின் மேல் நம்பிக்கை மிகக் குறைவு. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, பூட்டிய கதவுகள். அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற மதிப்புமிக்க சான்று கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அடுத்த வருடம் டாக்கா அருகே ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் இருந்த கம்பெனிகளிலும் ஆடிட் நடந்திருந்தது. ஆடிட் என்றால் என்னவென்று பனியன் கம்பெனியில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள். முந்தின நாளே தரை மினுங்கும், மாஸ்க் வரும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லித் தருவார். வந்தவர் அரை நாளில் போய்விடுவார். அதுவும் அவர் பார்ப்பது கடைசியாகத் தைத்த கம்பெனியை. திண்டுக்கல், ஈரோடு பக்கம் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் சின்னப் பெண்களை மூன்று வருடம் விடுதியில் அடைத்து வேலை வாங்கியது, பெரும்பாலும் இந்தப் பார்வைக்கு வெளியேதான் நடந்தது.

இதற்கு மாற்றாக நம் ஊரிலேயே நடந்த ஒன்று உண்டு. 2021இல் திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய அளவிலான தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து போராடி, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கம்பெனியும் வெளிநாட்டு பிராண்டும் கையெழுத்திட்ட, கட்டுப்படுத்தக்கூடிய ஒப்பந்தம். பாலியல் தொல்லையைக் கவனிக்க, 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். வெளியூர் ஆடிட்டர் அரை நாள் வந்துபோவதற்கும், பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவரே கண்காணிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சட்டையில் இதற்கு முத்திரை எதுவும் வராது. ஆகவே ஒரு பிராண்டின் தளத்தில் முத்திரையைத் தேடும்போது, ‘எங்கள் தொழிற்சாலைகளின் பட்டியல்’, ‘தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம்’ என்ற இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 7: வழுக்கும் சொற்கள்

‘நேச்சுரல்’, ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’, ‘கான்ஷியஸ்’, ‘ரெஸ்பான்சிபிள்’. இவை தனியாக நின்றால் அர்த்தமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. ‘பசுமையானது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்றெல்லாம் சும்மா சொல்லக்கூடாது. ஆதாரம் கையில் இருக்க வேண்டும், வாங்குபவருக்கு அது எட்டவும் வேண்டும். ‘2040க்குள் கார்பன் இல்லாமல் செய்வோம்’ என்றால் அதற்கான திட்டத்தையும் காட்ட வேண்டும்.

‘டைரக்ட் டிரேட்’ என்பது காபிக் கடைகளில் இப்போது அடிக்கடி வரும் சொல். நேரே தோட்டத்தில் வாங்கினோம் என்று பொருள். நல்ல வறுப்பாளர்கள் விவசாயிக்குக் கொடுத்த விலையைப் பாக்கெட்டிலேயே போடுகிறார்கள். விலை போடாமல் தோட்டக்காரரோடு எடுத்த செல்ஃபியை மட்டும் போட்டால், அது செல்ஃபி.

‘மினிமம் வேஜ்’ வேறு, ‘லிவிங் வேஜ்’ வேறு. முன்னது அரசு வைத்த சட்டக் கூலி. பின்னது வாடகை, சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் எல்லாம் போட்டு ஒரு குடும்பம் கௌரவமாக வாழ எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு. ‘சட்டப்படி கூலி தருகிறோம்’ என்று ஒரு பிராண்டு பெருமையாகச் சொன்னால், திருடவில்லை என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

‘குரூயல்ட்டி ஃப்ரீ’ என்பது விலங்குகளை வைத்துச் சோதிக்கவில்லை என்பது. இந்தியாவில் அழகுசாதனப் பொருள்களை அப்படிச் சோதிப்பதே 2014இலிருந்து தடை. ‘வீகன்’ என்பது விலங்குப் பொருள் இல்லை என்பது. மனிதர்களுக்கு அதில் இடமில்லை. வீகன் முந்திரிச் சீஸ் வாங்கும்போது, முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களை அந்தக் கொட்டை எண்ணெய் எப்படி அரித்திருக்கும் என்று பண்ருட்டிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

படி 8: கேளுங்கள், கிடைக்காவிட்டால் புகார் செய்யுங்கள்

நான் இப்போது எந்தக் கடையிலும், எந்தத் தளத்திலும் கேட்பது மூன்றுதான். விளைவித்தவருக்கு என்ன விலை கொடுத்தீர்கள்? யார் வந்து சரிபார்த்தார்கள், எப்போது? தொழிலாளர்களுக்குச் சங்கம் உண்டா? பதில் தெரியாத கடைப்பையனைத் திட்டிப் பயனில்லை. நிறுவனத்தின் மெயிலுக்கு எழுதுங்கள். பாக்கெட்டில் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், பாக்கெட்டின் இரண்டு பக்கப் போட்டோ, நீங்கள் அனுப்பிய மெயில் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு பாடுபட முடியாது. வீட்டில் மாதாமாதம் வாங்கும் நாலைந்து பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது காபி, டீ, எண்ணெய், அரிசி, உள்ளாடை. துண்டு, போர்வைக்குக் கைத்தறி முத்திரை பார்த்து கோ-ஆப்டெக்ஸில் வாங்கிவிடுகிறோம். நெசவாளர் கூட்டுறவுகளின் சரக்கு, 1935இலிருந்து இருக்கும் கடை, நமக்கும் அலைச்சல் மிச்சம். தேனுக்குக் கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை வழியாகப் பழங்குடியினர் எடுத்து வரும் மலைத்தேன்.

தவளை பாக்கெட் இந்த வாரம் தீர்ந்துவிடும். அடுத்ததற்காக ஏற்காட்டில் காபி வறுத்து விற்கும் ஒருவருக்கு அந்த மூன்று கேள்விகளையும் அனுப்பினேன். முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது, பச்சைக் கொட்டை வாங்கிய ரசீதின் போட்டோவோடு. ‘மத்த ரெண்டையும் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா, விசாரிச்சுட்டுச் சொல்றேன்’ என்றிருக்கிறார்.